நாற்பத்திரண்டாவது கை

தண்ணீரைச் சேமியுங்கள் என்று, நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவர்களைப் பார்த்துச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் பசுமை சாருக்கு இருந்தது.

ஆறு மாதத்துக்கு முன் அந்தச் சாயத் தொழிற்சாலைக்கு வந்தவர். அவருடைய பதவிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் தொட்டி நிரம்பி வழிந்துவிடும் என்பதால் அலசல் கூடத்துப் பெண்கள் பசுமை சார் என்று சுருக்கிக்கொண்டார்கள். கெட்டவர் இல்லை. யாரையும் அதட்ட மாட்டார். சின்னப் பெண்ணைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். கெட்டவராக இருந்திருந்தால் சமாளிப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அலசல் கூடத்தில் ஆறு சிமெண்டுத் தொட்டிகள். சாயத்தில் வெந்த துணி தொட்டியில் வந்து விழும். தண்ணீர் நிரப்பி, புரட்டி, வடித்துவிட்டால் அது ஓர் அலசல். மறுபடி நிரப்பினால் இரண்டு. அலசிய துணி, பிழியும் உருளைக்குப் போகும். உருளையின் வாயில் துண்டக்கா நிற்பாள். இடுப்பில் செருகிய வெள்ளைத் துண்டின் முனையால் ஈரத் துணியைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்துவாள். துண்டில் சாயம் ஏறவில்லை என்றால் துணி உருளைக்குள் போகும். ஏறினால் திரும்பத் தொட்டிக்குப் போகும். அதில் அண்ணன் தம்பி, வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. பதினான்கு வருடமாக இதே வேலை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு இடது கைச் சுண்டுவிரல் பாதிதான். மீதிப் பாதி எட்டு வருடத்துக்கு முன் அந்த உருளையில் போனது. கம்பெனி அப்போது ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது, இரண்டு வாரம் விடுப்பு கொடுத்தது, விபத்துப் புத்தகத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டது. விரல் போனதைக்கூட அவள் மறந்திருப்பாள், அந்த ஒரு வார்த்தையை மறக்கவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டு மணிக்கு முன்னால் பசுமை சார் கூடத்துக்கு வந்தார். பின்னால் இரண்டு பேர் ஒரு பெரிய வெள்ளைத் துணியையும், பச்சைச் சாயம் நிரப்பிய தட்டையும் தூக்கி வந்தார்கள்.

"இது வெறும் கம்பெனியோட திட்டம் இல்லை. உங்க திட்டம். நம்ம எல்லாரோட திட்டம்," என்றார் பசுமை சார். "திங்கட்கிழமை துணி வாங்கற கம்பெனியிலிருந்து ஆள் வர்றாங்க. அதுக்குள்ள இந்தக் கூடத்துல நாற்பத்திரண்டு பேரும் இந்தத் துணியில கையைப் பதிக்கணும். நூற்றுக்கு நூறு ஆதரவு. கை வச்சா அது உறுதிமொழி."

"என்னன்னு உறுதிமொழி சார்?" என்றாள் முதல் தொட்டியிலிருந்து துண்டக்காவின் நாத்தனார். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் படித்தார். இனிமேல் எந்த நிறமானாலும் இரண்டே அலசல். சாப்பாட்டு நேரத்தில் மின்விசிறி ஓடாது. குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு பாட்டில்.

வெக்கையில் வியர்த்து நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துண்டக்கா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். கறுப்பு ரெண்டு அலசல்ல நிக்காது. நாலு வேணும். வெளிர் மஞ்சளுக்கு ஒண்ணே போதும். எல்லாத்துக்கும் ரெண்டுன்னா எப்படி?"

"சராசரி போட்டுத்தாம்மா பார்த்திருக்கோம்."

"சராசரியை யார் சார் உடுத்தப் போறாங்க?"

கூடம் சிரித்தது. பசுமை சாரும் சிரித்தார். "நல்ல கேள்வி. அடுத்த கட்டத்துல பேசலாம்," என்றார். அவருடைய அடுத்த கட்டம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

"அப்ப அந்தக் குழாய்?" என்று துண்டக்கா கை நீட்டினாள். கொதிகலனிலிருந்து வரும் வெந்நீர்க் குழாய் வளைவில் விரிசல் விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். சாக்கிலிருந்து வெந்நீர் பகலிரவாகக் கால்வாயில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"அதுவும் அடுத்த கட்டம்தான்."

"அப்ப என் கையும் அடுத்த கட்டத்துல வரும் சார்," என்று சொல்லிவிட்டு அவள் உருளைக்குத் திரும்பினாள்.

கூடத்துக்கு மேஸ்திரி அவள் புருஷன்தான். அவர் நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் 'மேஸ்திரி (பொறுப்பு)' என்று இருந்தது. ஒன்பது வருடமாக அந்த அடைப்புக்குறி போகவில்லை. வேலையெல்லாம் மேஸ்திரி வேலை, மரியாதை மட்டும் பொறுப்பு. கேண்டீனில் மற்ற மேஸ்திரிகள் உட்காரும் மேசையில் அவருக்கு இடம் கிடையாது; தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று சாப்பிடுவார். பசுமை சார் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, நாற்பத்திரண்டு கையும் வந்துவிட்டால் அந்த அடைப்புக்குறியை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

வியாழன் சாயங்காலம் வீட்டில் அதுதான் பேச்சு. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருகிற முறை. ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு மணி நேரம். துண்டக்கா குடத்தைத் தூக்கித் தூக்கி அண்டாவில் ஊற்றினாள். நாத்தனார் முட்டையை உடைத்துச் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி இரண்டு பேருக்கும் நடுவில், எங்கே நின்றாலும் இடைஞ்சலாக நின்றார்.

"நாற்பத்தொண்ணு வந்துடுச்சு. நீ ஒருத்திதான் பாக்கி," என்றார்.

"நாற்பத்தொண்ணுல இவளும் உண்டா?" துண்டக்கா நாத்தனாரைப் பார்த்தாள்.

"அண்ணா வந்து நின்னுக்கிட்டு மூஞ்சியை அப்படி வச்சுக்கிட்டா நான் என்ன அண்ணி பண்றது? வச்சுத் தொலைச்சேன். மூணு தடவை சோப்பு போட்டும் பச்சை போகலை, பாரு," என்று நாத்தனார் உள்ளங்கையைக் காட்டினாள். அந்தக் கையால் உடைத்த முட்டையை எப்படிச் சாப்பிடுவது என்று மேஸ்திரி ஒரு கணம் யோசித்தார்.

"தண்ணியை மிச்சம் பிடிக்கக் கூடாதுன்னு நான் சொன்னேனா?" துண்டக்கா குடத்தைக் கீழே வைத்தாள். "இந்த அண்டாவுல எத்தனை குடம் பிடிக்கும்னு எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா? பத்து லாட் துணியில எட்டு வெளிர் நிறம். எட்டுக்கு எட்டு அலசல். ரெண்டு கறுப்புக்கு எட்டு. ஆகப் பதினாறு. அவர் சட்டப்படி இருபது. இதுல யாரு மிச்சம் பிடிக்கறது? அதுவும் போக, சாயம் விட்டுத் திரும்பி வர்ற கறுப்பை மறுபடி நாமதானே அலசணும்? போன வருஷமே இதை உங்க நோட்டுல எழுதுங்கன்னு சொன்னேனே, எழுதினீங்களா?"

"எழுதினேன்."

"எங்கே?"

"ஓரத்துல." மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். "பென்சில்ல."

நாத்தனார் கரண்டியோடு திரும்பி நின்று சிரித்தாள். "பென்சில்ல எழுதினா மேலிடத்துக்குக் கண்ணு தெரியாதுல்ல அண்ணா."

"உனக்கென்னடி, வாய்க்கு வந்ததைப் பேசிட்டுப் போயிடுவே. ஒன்பது வருஷம் நின்னுக்கிட்டே சாப்பிட்டவன் நான்." அவர் பெண்டாட்டியின் பக்கம் திரும்பினார். "ஒரு கை. சாயத்துல முக்கி எடுக்கற ஒரே ஒரு கை. அதைக் கொடுத்தா உனக்கு என்ன குறைஞ்சுடும்?"

துண்டக்கா குடத்தை அண்டாவோரம் நகர்த்தி வைத்தாள். அவர் ஜன்னலோரம் நின்று சாப்பிடுவதை அவளும் பார்த்திருக்கிறாள். அவருக்காக எதையும் கொடுக்கலாம் என்றுதான் அப்போதெல்லாம் தோன்றும்.

"நான் துண்டுல அழுத்திப் பார்த்து சரின்னு சொன்னா, அது சரின்னு அர்த்தம்," என்றாள் மெதுவாக. "இது சரியில்லைன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டே எப்படிங்க கையை வைக்கறது? சாப்பிட வாங்க. ஆறிடும்."

யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை வேலைக்குப் போனபோது, வாசல் கதவுக்கு மேலே வெள்ளைத் துணி விரித்துத் தொங்கியது. முழுக்கப் பச்சைக் கைகள். வாசல் காவலாள் கழுத்தை அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தார். "நாற்பத்திரண்டு. கணக்கு சரியா இருக்கு," என்றார்.

துண்டக்கா அண்ணாந்து பார்த்தாள். கீழ் வரிசையில், ஓரத்தில், சுண்டுவிரல் பாதியாக ஒரு கை இருந்தது.

அவள் பார்ப்பதற்கு முன்பே மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒரே தொட்டியில் ஒருவர் கையோடு ஒருவர் கை உரச வேலை செய்கிறவர்கள். முகத்தை மறந்தாலும் கையை மறக்க மாட்டார்கள். அந்தக் கை அவளுடையதைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக இருந்தது. சுண்டுவிரலை மடக்கி வைத்துப் பதித்ததில், மடங்கிய கணு ஒரு பச்சை உருண்டையாக விழுந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அது வலது கை.

"அண்ணி," என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு, அண்ணன் எங்கே என்று திரும்பித் தேடினாள்.

துண்டக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இருபத்திரண்டு வருடம் கூடவே வாழ்ந்த மனுஷனுக்கு, பெண்டாட்டிக்கு எந்தக் கையில் விரல் இல்லை என்று தெரியவில்லையே என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. கையைத் திருடியதுகூடப் பெரிதில்லை. போன விரலையும் சேர்த்துத் திருடி, யார் அதைக் கவனக்குறைவு என்று எழுதினார்களோ அவர்களுக்கே பாராட்டுப் பத்திரமாகக் கொடுத்துவிட்டார். அதை அவளால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் கத்தவில்லை. அடுப்படியில் அவர் எதிரே உட்கார்ந்து இடது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"பாருங்க. நல்லாப் பாருங்க. எந்தக் கை?"

மேஸ்திரி பார்த்தார். "அவசரத்துல..." என்றார். "எல்லாரும் போன பிறகு... உன்னை எதிர்ல நின்னு பார்த்தே பழக்கமா, என் வலப்பக்கம் தெரியறதை வலதுன்னு நெனச்சுட்டேன்."

"இடதுன்னு சரியா வச்சிருந்தா மட்டும் அது என் கையா ஆயிடுமா?"

"சார்கிட்ட சொல்லிடுவியா?"

அதுதான் அவளை ராத்திரி பகலாக அரித்தது. சொன்னால் கள்ளக் கையெழுத்துப் போட்டவனுக்கு என்ன நடக்குமோ அது அவருக்கு நடக்கும். சொல்லாவிட்டால், அவள் பொய்யென்று ஒதுக்கியதற்கு அவள் கையே சாட்சி சொல்லிக்கொண்டு ஊர் பார்க்கத் தொங்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. தட்டு வைத்தாள், தண்ணீர் வைத்தாள், அவ்வளவுதான். மேஸ்திரிக்கு அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

திங்கட்கிழமை துணி வாங்குகிற கம்பெனியிலிருந்து வந்தது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். தட்டையான செருப்பு, கையில் ஒரு நோட்டு. பசுமை சார் வாசலிலேயே நிறுத்தித் துணியைக் காட்டினார். அலசல் கூடத்துப் பெண்களை இரண்டு வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள்.

"நூற்றுக்கு நூறுங்க. யாரையும் வற்புறுத்தலை. தானா வந்து வச்சாங்க."

அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டே துணிக்குக் கிட்டே போனாள். கீழ் வரிசையில் அவள் கண் நின்றது. "இது யார் கை? விரலுக்கு என்ன ஆச்சு?"

பசுமை சாருக்குச் சந்தோஷம். விரல் போனவர்கூட ஆதரவு தருகிறார் என்பதைவிட நல்ல செய்தி உண்டா? "துண்டக்கா, முன்னாடி வாங்கம்மா," என்று அவரே கூப்பிட்டார்.

அவள் வந்தாள். அந்த அம்மாள் கை குலுக்கக் கையை நீட்டினாள். துண்டக்கா வலது கையைக் கொடுத்தாள். ஐந்து விரலும் முழுசாக இருந்தன. அந்த அம்மாள் கையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், பிறகு தொங்கிக்கொண்டிருந்த இடது கையைப் பார்த்தாள்.

வரிசையில் நாத்தனார் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது உங்க கை இல்லையாம்மா?"

துண்டக்கா இடது கையையும் முன்னால் கொண்டு வந்தாள். "இல்லைங்க," என்றாள்.

"அப்ப யாரோடது?"

அதற்கு அவள் வாயைத் திறக்கவில்லை. எத்தனை நேரம் கேட்டாலும் திறந்திருக்க மாட்டாள். மேஸ்திரி வரிசையின் கடைசியிலிருந்து நடந்து வந்தார். வலது கையைத் தூக்கிக் காட்டினார். உள்ளங்கையில் பச்சை இன்னும் போகவில்லை.

"என் கைங்க. அவ வைக்க மாட்டேன்னா. நான்தான் வச்சேன். அவளுக்குத் தெரியாது."

"ஏன் வைக்க மாட்டேன்னாங்க?"

"அதை அவகிட்டயே கேளுங்க. அவ சொல்றதுதான் சரி. நான் அதை நோட்டு ஓரத்துல பென்சில்ல எழுதி விட்டவன்."

பசுமை சார் நடுவில் புகுந்தார். "இதெல்லாம் உள் விஷயம். நாம உள்ள போய்ப் பேசலாம்..."

"உள் விஷயம் இல்லை சார்," என்றாள் துண்டக்கா. "வாசல்ல தொங்க விட்டது நீங்க." பிறகு அந்த அம்மாளிடம் திரும்பினாள். "இந்த விரல் இங்கே இருக்கற உருளையிலதாங்க போச்சு. கவனக்குறைவுன்னு எழுதினாங்க. உருளைக்கு ஒரு தடுப்புக் கம்பி அதுக்கப்புறம்தான் போட்டாங்க. அப்ப யாருக்குக் கவனம் குறைவு? தண்ணிக்கு நாங்க எதிரி இல்லைங்க. எங்க வீட்டுல ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணி. ஆனா எத்தனை அலசல்னு துணியைத் தொடறவளைக் கேக்காம, தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கற குழாயை அடைக்காம, எங்க பாட்டிலைக் குறைக்கச் சொன்னா எப்படிங்க கையை வைக்கறது? எங்க திட்டம்னு சொல்றாங்க. எங்களை யாரும் கேக்கவே இல்லையே."

அந்த அம்மாள் நோட்டில் என்னவோ எழுதினாள். "குழாயைப் பார்க்கலாமா?" என்றாள். சாக்கிலிருந்து கொட்டும் வெந்நீருக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நின்றாள். போகும்போது பசுமை சாரிடம், வேலை செய்கிறவர்கள் தாங்களே சொன்னதை எழுதி, அதற்குக் கீழே கை வைத்த துணியாக அனுப்புங்கள், இது வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

மறுநாள் மேஸ்திரிக்கு மெமோ வந்தது. அடைப்புக்குறி போனது, அதோடு மேஸ்திரியும் போனது. உலர்த்தும் கூடத்தில் துணி மடிக்கப் போட்டார்கள். மெமோவை வாசித்துவிட்டுத் துண்டக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"ஏன் அழறே? நீதானே ஜெயிச்சே," என்றார் அவர்.

"நீங்க முன்னாடி வந்து நின்னீங்களே, அதுக்கு அழறேன். வராம இருந்திருந்தா ஜென்மத்துக்கும் பேசியிருக்க மாட்டேன்."

"அதான் தெரியுமே." அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "மடிக்கறவங்க எல்லாரும் கேண்டீன்ல உட்கார்ந்துதான் சாப்பிடறாங்களாம். விசாரிச்சுட்டேன்."

பத்து நாள் கழித்து பசுமை சார் புதுத் துணியோடு கூடத்துக்கு வந்தார். இந்த முறை மேலே மூன்று வரி எழுதியிருந்தது. அலசல் எத்தனை என்று துண்டு பார்ப்பவர்கள் முடிவு செய்வார்கள். குழாய் இந்த மாதத்துக்குள் மாற்றப்படும். குடிதண்ணீருக்கும் மின்விசிறிக்கும் தடையில்லை. நாத்தனார் உரக்கப் படித்தாள். படித்து முடித்து, "எழுத்து பேனாவாலதான் இருக்கு," என்றாள்.

சாயத் தட்டு வைக்கப்பட்டது. ஒருவரும் நகரவில்லை. நாற்பத்திரண்டு பேர் நின்ற வரிசையில் யாராவது ஒருத்தி கை நீட்டுவாள் என்று பசுமை சார் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாரும் துண்டக்காவைப் பார்த்தார்கள்.

"இன்னும் என்னம்மா? நீங்க கேட்டதுதானே எழுதியிருக்கு?"

"கேட்டது இருக்கு சார். போன துணியில நாற்பத்தொரு பேர் நிஜக் கை வச்சாங்க. அதுல ஆபீஸ் கை ஒண்ணுகூட இல்லை. உறுதிமொழி எங்களுக்கு மட்டுமா? முதல் கையை நீங்க வைங்க."

பசுமை சார் தன் கையைப் பார்த்தார். சட்டைக் கையை மெல்ல மடித்துவிட்டுக்கொண்டார். விரல் நுனிகளை மட்டும் சாயத்தில் தொட்டு, துணிக்கு அருகே கொண்டு போனார்.

"முழுக் கை சார்," என்றாள் துண்டக்கா. "எனக்குத்தான் ஒரு விரல் குறை. உங்களுக்கு எல்லாம் இருக்கே."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கையை மணிக்கட்டு வரை தட்டில் அமுக்கி எடுத்து, மூன்று வரிக்கும் கீழே, துணியின் நடுவில் அழுத்தினார். எடுத்தபோது ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன. கொஞ்சம் வெட்கத்தோடும், கொஞ்சம் நிம்மதியோடும் நிமிர்ந்தார். பச்சை சொட்டும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"வச்சாச்சு. இப்ப நீங்க வாங்க."

துண்டக்கா துணியைக் கூர்ந்து பார்த்தாள். இடுப்புத் துண்டை எடுத்துக் கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா விழுந்திருக்கு சார். வாசல்லயே மாட்டிடுங்க, போறவங்க வர்றவங்க பார்க்கட்டும். குழாயை மாத்தின அன்னிக்கு நாங்க வந்து வைக்கறோம்."

"மத்தவங்களாவது..." என்று அவர் வரிசையைப் பார்த்தார்.

"எங்களுக்கு வேலை கிடக்கு சார்," என்றாள் நாத்தனார்.

மணி அடித்தது. நாற்பத்திரண்டு பேரும் ரப்பர் காலணிகளை மாட்டிக்கொண்டு அவரவர் தொட்டிக்குப் போனார்கள். அன்றைக்கு முதல் லாட் கறுப்பு.